மதுநுரையும் மாவும்: பீர் சேர்த்த சாக்லேட் கேக்கின் முன்வரலாறு

ஸ்டவுட் என்னும் கருநிறப் பீரை வெண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கி, கோகோத் தூளும் சர்க்கரையும் மைதாவும் கலந்து, மூன்று தட்டுகளில் சுட்டெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிலும் மேலும் சாக்லேட் பூசிச் செய்யும் கேக் 2000-க்குப் பிந்தைய அமெரிக்க, ஆங்கிலேயச் சமையல் இதழ்களின் புனைவு என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. குடிக்கும் பொருளைத் தின்பண்டத்தில் ஊற்றுவதில் உள்ள சிறு குறும்பு அதன் புகழுக்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பீருக்கும் கேக்குக்கும் இடையிலான உறவு அந்தக் குறும்பைவிட மிகவும் மூத்தது. தொடக்கத்தில் கேக் உப்புவதற்கே பீர்த் தொட்டியை நம்பியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியல் அந்தத் தேவையை ஒழித்து இரண்டையும் பிரித்தது. பின்னர் பீர் மாவுக்குள் திரும்பி வந்தபோது, முன்பு எதற்காக அது தேவைப்பட்டதோ அந்த வேலையை அதனால் செய்யவே இயலாத நிலையில் வந்தது.

மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீர் நொதிக்கும்போது, பழைய ஆங்கிலேய ஏல் வகைப் பீரில் ஈஸ்ட் மேலே திரண்டு, தொட்டியின் வாய்வரை தடித்த பழுப்பு நுரையாகப் பொங்கி நிற்கும். ஆங்கிலேயர் பார்ம் என்று அழைத்த அந்த நுரையை வழித்தெடுத்துப் பிசைந்த மாவில் சேர்த்தால், ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிட, மாவு உப்பி வரும். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய அறிஞர் மூத்த பிளினி, இன்றைய பிரான்சையும் ஸ்பெயினையும் சேர்ந்த பகுதிகளில் மக்கள் தானிய மதுவின் நுரையைக் கொண்டு ரொட்டி மாவைப் பொங்கவைப்பதையும், அதனால் அவர்களுடைய ரொட்டி மற்ற இடங்களின் ரொட்டியைவிட இலேசாக இருப்பதையும் குறித்து வைத்தார். நுரையில் இருப்பது உயிருள்ள பொருள், அதுவே நொதித்தலை நடத்துகிறது என்பது 1850-களின் இறுதியில் லூயி பாஸ்டர் அதை ஆராயத் தொடங்கிய பிறகே உறுதிப்பட்டது; அதுவரை பதினெட்டு நூற்றாண்டுகளாக அடுமனைக்காரர்கள் காரணம் தெரியாமலே காரியத்தைச் செம்மையாக நடத்தி வந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கேக் என்பது வெண்ணெயும் உலர்திராட்சையும் வாசனைப் பொருள்களும் நிறைந்த ஒரு வகை ரொட்டிதான். திருமணம், திருநாள் போன்ற நிகழ்வுகளுக்குச் செய்யப்பட்ட பெருங்கேக்குகளின் குறிப்புகள் பல, ஒரு பெக் மாவு, அதாவது 6 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மாவு என்ற அளவிலிருந்தே தொடங்குகின்றன. மாவின் நடுவே குழி செய்து அதில் ஏல் நுரையையும் இளஞ்சூடான பாலேட்டையும் முட்டைகளையும் ஊற்றிப் பிசைந்து, துணியால் மூடிக் கணப்பின் முன்னே வைத்து, பொங்கிய பிறகு திராட்சையைச் சேர்த்து, ரொட்டி சுடும் செங்கல் அடுப்பில் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. சர் கெனெல்ம் டிக்பி திரட்டிய குறிப்புகள் அவர் இறந்த பின் 1669-இல் நூலாக வெளிவந்தபோது, அதன் பெரும்பகுதி தேன்மது முதலிய பானங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அதே நூலில் ஏல் நுரையால் பொங்கும் கேக்குகளும் இடம்பெற்றன. பண்ணை வீடுகளில் மது வடிப்பதும் ரொட்டி சுடுவதும் ஒரே பெண்ணின் பொறுப்பில் இருந்த காலம் என்பதால், இரண்டையும் ஒரே நூலில் தருவது எவருக்கும் புதுமையாகத் தோன்றியிருக்காது.

நுரையைக் கையாளுவது எளிதாக இருக்கவில்லை. பீருக்குக் கசப்பையும் கெடாத தன்மையையும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்பு நுரையிலும் ஏறியிருக்கும். அது நேரே மாவில் விழுந்தால் கேக் முழுதும் கசந்துவிடும். ஆகவே நுரையைத் தண்ணீரில் கலக்கி, ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும்வரை அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் கசப்பு நீரை இறுத்துக் கொட்டி, மறுபடியும் புதுத் தண்ணீர் ஊற்றி, அடியில் தங்கிய வெளிறிய குழம்பை மட்டுமே எடுத்தனர். கோடையில் அது விரைவில் புளித்துப் பயனற்றுப் போகும். கடுங்குளிரில் கண்விழிக்கவே மறுக்கும். அன்றைய கேக் ஒன்றின் வெற்றி சமைப்பவரின் கைத்திறனை எவ்வளவு நம்பியிருந்ததோ அவ்வளவு பக்கத்துப் பீர்த் தொட்டியின் அன்றைய உடல்நிலையையும் நம்பியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே நுரை பாரிஸ் நகரில் ஒரு வழக்குக்கும் காரணமாயிற்று. புளிமாவைக் கொண்டு ரொட்டி செய்வதே அங்கு மரபாக இருந்தது. பால், உப்பு, பீர் ஈஸ்ட் ஆகியவை சேர்த்த மென்மையான சிறு ரொட்டிகளை நகரத்தார் விரும்பி வாங்கத் தொடங்கியதும், அந்த ஈஸ்ட் உடலுக்குக் கேடு விளைவிக்குமா என்ற கேள்வி எழுந்தது. 1668-இல் மருத்துவப் புலத்தார் கூடி விவாதித்து, பீர் அழுக்கிலிருந்து பிறந்த பொருள் நலத்துக்குத் தீங்கானது என்று பெரும்பான்மையாக முடிவு கூறினர். அந்நாட்டின் உயர் நீதிமன்றமாக விளங்கிய பாரிஸ் பார்லமான், 1670-இல் அம்முடிவை ஒதுக்கிவைத்து, ஈஸ்ட் புதியதாகவும் கெடாததாகவும் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோடு அதற்கு அனுமதி அளித்தது. வழக்கு நடந்த இரண்டு ஆண்டுகளிலும் நகரத்தார் மென்ரொட்டி தின்பதை நிறுத்தியதாகத் தெரியவில்லை என்பதால், நீதிபதிகள் மருத்துவத்தைவிட நடப்பையே பெரிதாக மதித்தனர் என்று கொள்ளலாம்.

மதுவைக் கொண்டு மாவைப் பொங்கவைப்பது தமிழ் வாசகருக்கு அயலான செய்தியும் அன்று. இலங்கையிலும் மலபாரிலும் தென் தமிழகத்தின் சில பகுதிகளிலும் ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்கவைப்பது நெடுநாள் வழக்கம். பீர் வடிப்பகங்கள் இல்லாத தென்னிந்தியக் குடியேற்ற நகரங்களில் ஐரோப்பியருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்களும் பார்முக்கு ஈடாகக் கள்ளையே பயன்படுத்தினர். காற்றிலும் பானையிலும் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்டுகளால் மரப்பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு தானே நொதித்துக் கள்ளாகிவிடுகிறது. ஏல் நுரையோ ஒரு வடிப்பிலிருந்து அடுத்த வடிப்புக்குக் கைமாறிக் கைமாறிப் பேணப்பட்ட ஈஸ்ட். இந்த வேறுபாட்டைத் தவிர்த்தால் ஆப்பச் சட்டியிலும் ஆங்கிலேயச் செங்கல் அடுப்பிலும் நிகழ்ந்தது ஒன்றே. பின்னாளில் கள் கிடைக்காத இடங்களில் அதன் வேலையை ஆப்பசோடா ஏற்றுக்கொண்டதும் மேலைநாட்டில் நிகழ்ந்த மாற்றத்தின் மறுபதிப்பே ஆகும்.

அந்த மாற்றம் ஒரே பாய்ச்சலில் வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சமையற்காரர்கள் நுரையை விட்டு விலக முயன்று, முட்டையையும் வெண்ணெயையும் அடித்துக் காற்றேற்றும் முறையைக் கைக்கொண்டனர். ஹன்னா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட நூலில் மாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகியவை ஒவ்வொரு பவுண்டும் அவற்றோடு முட்டைகளும் சேரும் பவுண்டு கேக்கைக் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறார். வேலையாட்கள் நிறைந்த வீட்டுக்கு அது பொருந்தும்; ஆள்பலம் குறைந்த அமெரிக்கக் குடியேற்ற வீடுகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. மரச்சாம்பலை நீரில் கரைத்து வடித்துச் சுண்டக் காய்ச்சிச் சுட்டெடுக்கும் பொட்டாசியம் கார்பனேட்டான முத்துச்சாம்பல் அங்கே தாராளமாகக் கிடைத்தது. அமெரிக்க அரசு 1790-இல் வழங்கிய முதல் காப்புரிமையே அதன் தயாரிப்பு முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. 1796-இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூல் அதை மாவு உப்பவைக்கப் பயன்படுத்துகிறது. புளிப்புள்ள பொருளோடு சேர்ந்ததும் அது கரியமில வாயுவைக் கொடுத்தது, ஆனால் கொழுப்போடு சேர்ந்தால் சோப்புச் சுவையையும் கொடுத்தது.

அக்குறையைப் போக்கியது சோடியம் பைகார்பனேட், அதாவது நம் ஆப்பசோடா. நியூயார்க்கில் 1846 முதல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் அதைப் பொட்டலமிட்டு விற்றனர். அதற்குச் சற்று முன்பே, பர்மிங்ஹாம் நகர மருந்தாளர் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843-இல் சோடாவையும் உலர்ந்த அமிலத்தையும் சேர்த்துப் பேக்கிங் பவுடர் தயாரித்திருந்தார்; 1856-இல் எபன் ஹார்ஸ்ஃபோர்டு அமெரிக்காவில் கால்சியம் பாஸ்பேட் அமிலத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பீர் உலகமும் அதே காலத்தில் வேறு திசையில் நகர்ந்தது. குளிர்ந்த நிலவறையில் நொதித்து ஈஸ்ட் அடியில் தங்கிவிடும் லாகர் வகை நடு ஐரோப்பாவில் பரவியதும், வழித்தெடுக்க மேலே நுரை கிடைக்காத அடுமனைகள் தானியத்தில் தனியே வளர்த்துப் பிழிந்து கட்டியாக்கிய ஈஸ்டை நாடின. சார்லஸ் ஃபிளைஷ்மான் 1868-இல் சின்சினாட்டியில் அதைத் தயாரிக்கத் தொடங்கி, 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அமெரிக்கர் பலருக்கும் அறிமுகப்படுத்தினார். ரொட்டிக்குக் கட்டி ஈஸ்ட், கேக்குக்குப் பேக்கிங் பவுடர் என்று ஆன பிறகு, வீட்டுச் சமையலறைக்குப் பீர்த் தொட்டியோடு பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

சாக்லேட் கேக்குக்குள் நுழைந்தது இந்தப் பிரிவு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான். மெக்சிகோவிலிருந்து ஐரோப்பா வந்த சாக்லேட் மூன்று நூற்றாண்டுகள் பெரும்பாலும் பானமாகவே அருந்தப்பட்டது. கோகோ விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு என்பதால் அரைத்த விழுது மாவில் சீராகக் கலப்பது கடினமாக இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-இல் காப்புரிமை பெற்ற அழுத்துபொறி அக்கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்து, எஞ்சியதைத் தூளாக்க வழிசெய்தது. அத்தூளைக் காரப்பொருளால் பதப்படுத்தி நிறத்தைக் கருமையாக்கிப் புளிப்பைக் குறைக்கும் டச்சு முறையும் அவர்களுடையதே. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின் இரும்பு அடுப்பும் பேக்கிங் பவுடரும் பரவியபோது, ஒரே பெரிய கேக்கை நெடுநேரம் வேகவைப்பதைக் காட்டிலும் ஆழமில்லாத தட்டுகளில் மெல்லிய கேக்குகளை விரைவாகச் சுட்டு அடுக்கி இடையே பழப்பாகோ கிரீமோ தடவுவது எளிதாயிற்று; அடுக்குக் கேக் இவ்வாறு அந்நாட்டின் வழக்கமாக வேரூன்றியது. சாக்லேட் முதலில் அந்த அடுக்குகளின் பூச்சாக மட்டும் இருந்து, நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மாவுக்குள்ளும் இறங்கிற்று. சாரா டைசன் ரோரர் 1902-இல் வெளியிட்ட நூலில் டெவில்ஸ் ஃபுட் என்ற பெயரில் கருநிற அடுக்குக் கேக் இடம்பெற்றுள்ளதைக் காணும்போது, அவ்வகை அதற்குள் நிலைபெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

பீரின் பக்கம் நிகழ்ந்த ஒரு மாற்றம் இதற்கு இணையாக நோக்கத்தக்கது. இலண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் செழித்த போர்ட்டர் என்னும் பழுப்புப் பீர், விறகு நெருப்பில் வாட்டிய பழுப்பு மால்ட்டால் ஆனது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வடிப்பகங்களுக்குள் வந்தபின், பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட் மிகுதியான சர்க்கரை தருவது தெரியவந்தது; முதலாளிகள் வெளிர் மால்ட்டுக்கு மாறினர், பீரோ நிறம் இழந்தது. இழந்த நிறத்தைக் கருக்கிய சர்க்கரையாலும் அதைவிட மோசமான பொருள்களாலும் ஈடுசெய்வது பெருகவே, 1816-இல் பிரிட்டிஷ் அரசு மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் செய்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கும் சுழல் உருளையைப் போன்ற இரும்பு உருளையில் மால்ட்டை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுத்துக் கரியநிறமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சட்டமும் மீறப்படவில்லை, சிறிதளவு கறுப்பு மால்ட்டே ஒரு தொட்டி முழுவதற்கும் நிறமும் சுவையும் ஊட்டப் போதுமானதாகவும் இருந்தது. டப்ளின் நகரின் செயின்ட் ஜேம்ஸ் வாயில் வடிப்பகத்தை ஆர்தர் கின்னஸ் 1759-இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு 9,000 ஆண்டுக் குத்தகையாக எடுத்திருந்தார். அங்கே தயாரான போர்ட்டரும், அதன் வலுமிக்க வகையான ஸ்டவுட்டும் வறுத்த தானியத்தின் கசப்பையே தம் அடையாளமாக ஏற்றன.

பின்னாளில் பீரையும் சாக்லேட்டையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து வைத்தது இந்த வறுவல்தான். தானியமோ கோகோ விதையோ காப்பிக்கொட்டையோ வறுபடும்போது அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் 1912-இல் விவரித்ததால் அவ்வினை அவர் பெயரால் வழங்குகிறது. வறுவல் மணத்துக்குக் காரணமான பைரசின் என்னும் சேர்மங்கள் மூன்றிலுமே காணப்படுகின்றன. ஸ்டவுட்டைச் சுவைப்பவர்கள் அதில் காப்பியோ கசப்புச் சாக்லேட்டோ தெரிகிறது என்று சொல்வது வெறும் கற்பனை அன்று.

ஆயினும் முதலில் ஸ்டவுட் சென்று சேர்ந்தது பழக்கேக்கிடம்தான். அயர்லாந்தின் போர்ட்டர் கேக், உலர்திராட்சையும் பழுப்புச் சர்க்கரையும் மசாலையும் நிறைந்தது; அதில் மாவை உப்பவைக்கும் வேலை சோடாவுக்குப் போய்விட, போர்ட்டர் பழங்களை ஊறவைத்து ஈரம் காக்கவும் நிறம் ஏற்றவும் மட்டுமே ஊற்றப்பட்டது. பீர் உயிர்ப்பொருளாக இருந்து சுவைப்பொருளாக மாறியதன் இடைப்படி இந்தக் கேக். எளிய தோற்றத்தால் வரலாற்றாசிரியர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிச் செல்வது வருந்தத்தக்கது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு, பழைய உறவைத் தலைகீழாக்கிக் காட்டிற்று. பீர் விற்க இயலாத வடிப்பகங்கள் மால்ட் பாகை டப்பாவில் அடைத்து, ரொட்டியும் பிஸ்கட்டும் செய்வதற்கு என்று சொல்லி விற்றன. அதில் ஹாப்ஸ் சுவையூட்டிய வகையும் இருந்தது. கசக்கும் பிஸ்கட்டை விரும்பி உண்பவர் எவரும் இலர் என்பதும், வாங்கியவர்கள் அதை வீட்டு நிலவறையில் நீரும் ஈஸ்டும் சேர்த்துப் பீராக்கினர் என்பதும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்ததே. ஒரு காலத்தில் பீர்த் தொட்டியின் தயவில் வாழ்ந்த அடுமனை, இப்போது பீருக்கு முகமூடியாக உதவிற்று. விலக்கு நீங்கிய பின்னும், வீட்டில் பீர் வடிப்பதற்கு ஒன்றிய அரசின் அனுமதி 1978-இல் நிறைவேறிய சட்டத்தின் வழியேதான் கிடைத்தது. பொழுதுபோக்காக வடிக்கக் கற்றவர்கள் சிலர் அதைத் தொழிலாக்க, பீரைத் தாமே வடித்து அதே கூரையின் கீழ் உணவும் பரிமாறும் சிறு விடுதிகள் 1982 முதல் தோன்றலாயின. வடிப்பவரும் சமைப்பவரும் மறுபடியும் அண்டைவீட்டார் ஆனது அங்கேதான்.

ஸ்டவுட் சேர்த்த இனிப்புகள் புகழ்பெற்றதும் அச்சூழலில்தான். நியூயார்க் நகரின் கிராமர்சி டேவர்ன் உணவகத்தில் கிளாடியா ஃபிளெமிங் செய்த ஸ்டவுட் இஞ்சிக் கேக், 2001-இல் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்றது. 2002 செப்டம்பரில் போன் அப்பெட்டி இதழ், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் ஊரிலுள்ள பாரிங்டன் வடிப்பக உணவகத்தின் சாக்லேட் ஸ்டவுட் கேக்கை வெளியிட்டது. இரண்டு கப் ஸ்டவுட், இரண்டு கப் வெண்ணெய், ஒன்றரைக் கப் கோகோ, நான்கு கப் மைதா, நான்கு கப் சர்க்கரை, நான்கு முட்டை, ஒன்றேகால் கப்புக்குச் சற்று மேல் புளித்த பாலேடு ஆகியவற்றால் எட்டு அங்குல வட்டமாக மூன்று அடுக்குகள் சுடப்பட்டு, சூடான பாலேட்டில் சாக்லேட்டைக் கரைத்து ஆறவைத்த கனாஷ் என்னும் பூச்சால் அவை ஒட்டப்படுகின்றன. பிரிட்டனில் நைஜெல்லா லாசன் 2004-இல் தம் ஃபீஸ்ட் நூலில் தந்த சாக்லேட் கின்னஸ் கேக் இதைவிடப் பரவலாக அறியப்பட்டது. 250 மில்லிலிட்டர் கின்னஸ், அதே எடையில் வெண்ணெய், 75 கிராம் கோகோ, 400 கிராம் சர்க்கரை கொண்ட அக்கேக் ஒற்றை வட்டமாகச் சுடப்பட்டு, கோப்பையில் ஊற்றிய கின்னஸின் வெண்ணுரை போலத் தோன்றுமாறு மேலே மட்டும் கிரீம் சீஸ் பூச்சைப் பெறுகிறது. அந்தத் தோற்றமே அதற்குப் புகழ் தேடித் தந்தது என்றாலும், அமெரிக்க அடுக்குக் கேக் மரபின் நேர்வாரிசு என்று சொல்லத்தக்கது பாரிங்டன் கேக்கே.

இக்கேக்குகளில் பீருக்கு உள்ள பங்கைக் கண்ணால் காண, அடுப்பின் அருகே நின்றாலே போதும். ஸ்டவுட்டும் வெண்ணெயும் சேர்ந்து சூடாகும்போது அதில் கரைந்திருந்த வாயு முழுதும் பொங்கி வெளியேறிவிடுகிறது. கோகோவை இட்டுக் கலக்கும்போது பாத்திரத்தில் இருப்பது வாயு நீங்கிய, பளபளக்கும் கரிய குழம்பு. வடிகட்டிச் சூடேற்றிப் பதப்படுத்திய இன்றைய ஸ்டவுட்டில் உயிருள்ள ஈஸ்டும் இல்லை. மாவை உப்பவைப்பது சோடா. அதற்கு வேண்டிய அமிலத்தைப் புளித்த பாலேடும், இயல்பிலேயே புளிப்புள்ள ஸ்டவுட்டும் தருகின்றன. டச்சு முறைக் கோகோவில் அமிலம் குறைந்திருப்பதால், பாரிங்டன் குறிப்பு அதையே பரிந்துரைக்கும்போது இவ்விரண்டின் தேவை இன்னும் கூடுகிறது. இதற்கு மேல் ஸ்டவுட் கொடுப்பது ஈரமும், சர்க்கரையின் மிகுதியை மட்டுப்படுத்தும் கசப்பும். வெந்த கேக்கில் பீர் தனியே தெரிவதில்லை; சாக்லேட் சற்று ஆழமாகத் தெரிகிறது, அவ்வளவே. பழைய சமையற்காரர்கள் நுரையை மீண்டும் மீண்டும் கழுவி நீக்கப் பாடுபட்ட அந்தக் கசப்பே இப்போது தேடிச் சேர்க்கப்படுகிறது.

மதுச்சாரத்தின் பங்கு அதனினும் சிறிது. 4.2 விழுக்காடு மதுச்சாரம் கொண்ட 250 மில்லிலிட்டர் ஸ்டவுட்டில் இருப்பது சுமார் 10 மில்லிலிட்டர். அதிலும் ஒரு பகுதி அடுப்பில் ஆவியாகிவிட, எஞ்சுவது பன்னிரண்டு துண்டுகளுக்குப் பகிரப்படுகிறது. மது தொடாத வீடுகளில் இக்கேக்கைச் செய்வது பற்றி எழும் தயக்கத்துக்கும் விடை இதிலேயே உள்ளது: வறுத்த தானியமே வேலை செய்கிறது என்பதால், மதுச்சாரம் நீக்கிய ஸ்டவுட்டை அதே அளவில் ஊற்றினாலும் கேக் அவ்வாறே வருகிறது. கின்னஸ் நிறுவனம் அத்தகைய ஸ்டவுட்டை 2020-இல் வெளியிட்டு, உடனே திரும்பப் பெற்று, 2021-இல் மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.